சிஸ்கோ யூசிஎஸ் 5108: பிளேடு போனாலும் சர்வர் போகாது

சிஸ்கோ யூசிஎஸ் 5108 பழைய சேஸிதான், அதாவது பல சர்வர்களை ஒன்றாக மாட்டும் பெட்டி. 2021இல் எக்ஸ் சீரிஸ் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நியாயமான விலைக்குக் கைமாறி வந்தால், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உள்ள சிறிய சர்வர் அறைக்குத் தாராளமாக வாங்கலாம். இதன் உயிர் சர்வீஸ் புரொஃபைலில், அதாவது ஒரு சர்வரின் அடையாளமும் அமைப்புகளும் அடங்கிய மென்பொருள் பதிவில் இருக்கிறது.

6யூ (ரேக்கில் ஆறு அலகு) உயரத்தில் எட்டு அரை அகல பிளேடுகள், அதாவது மெலிந்த சர்வர் பலகைகள், அமரும். யூயூஐடி (சர்வரின் அடையாள எண்), மேக் முகவரி (நெட்வொர்க் அடையாளம்), டபிள்யூடபிள்யூபிஎன் (ஸ்டோரேஜ் நெட்வொர்க் அடையாளம்), பூட் வரிசை எல்லாமே பிளேடில் இல்லாமல் புரொஃபைலில் இருக்கும். தைப்பூச விடுமுறையன்று மூன்றாம் ஸ்லாட் படுத்துவிட்டால் யாரும் ரேக் பக்கம் ஓட வேண்டாம். வீட்டிலிருந்தே யூசிஎஸ் மேனேஜர் என்ற நிர்வாக மென்பொருளைத் திறந்து, புரொஃபைலை அங்கிருந்து கழற்றி, சும்மா இருக்கும் எட்டாம் ஸ்லாட்டில் மாட்டிவிடலாம். சான் ஸ்டோரேஜின் (நெட்வொர்க் வழியே சர்வர்கள் பகிரும் சேமிப்பகம்) கண்ணுக்கு அதே பழைய சர்வர்தான். எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற ஸோனிங்கைத் தொடவே வேண்டாம்.

பிளேடு நன்றாக ஓடும்போதே மாற்றுவதானால், முதலில் ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் போட்டு, விஎம்களை (அதில் ஓடும் மெய்நிகர் கணினிகள்) வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தி, ஓஎஸ்ஸை முறையாக அணையுங்கள். அப்புறம்தான் புரொஃபைல். வேலையின் முன்னேற்றத்தைக் காட்டும் எஃப்எஸ்எம் டேபில் சதவீதம் மெதுவாக ஏறும். ஃபெர்ம்வேர் பாலிசியில் உள்ள பதிப்பு புது பிளேடில் இல்லையென்றால், அதையும் ஏற்றிய பிறகே பூட் ஆகும். பொறுமையிழந்து பிளேடை உருவிவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது லோக்கல் டிஸ்க்கில். புரொஃபைல் நகரும், டிஸ்க் நகராது. ஓஎஸ் லோக்கல் டிஸ்க்கில் இருந்தால் புது பிளேடு வெறுங்கையோடு எழும். பிளேடைத் துடைக்கும் விதியான ஸ்க்ரப் பாலிசியில் டிஸ்க் ஸ்க்ரப் 'யெஸ்' என்று இருந்தாலோ, கழற்றும்போதே பழைய டிஸ்க்கும் அழிந்துவிடும். சானிலிருந்து பூட் செய்யாதவர்கள் இந்தச் சேஸிக்குப் பணம் போடுவது வீண்.

மெயின்டனன்ஸ் பாலிசியை 'யூசர் அக்' (நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே ரீபூட்) என்று வையுங்கள். 'இமீடியட்' என்றால், ரீபூட் தேவைப்படும் ஒரு சிறு மாற்றம்கூட வேலை நேரத்தில் சர்வரை விழுத்தாட்டும். உபரி பிளேடும் அதே தலைமுறையாக இருக்கட்டும்: இருப்பது பி200 எம்4 பிளேடு, விஐசி 1340 நெட்வொர்க் அட்டை என்றால் அதுவும் அப்படியே.

கடைசியாக மின்சாரம். 2500 வாட் பவர் சப்ளை நான்கு. சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் உதவாது. அதிக மின்னோட்டம் தாங்கும் சி19 கேபிளும் அதற்கேற்ற தனி லைனும் வேண்டும். இரண்டை ஒரு லைனிலும் இரண்டை இன்னொரு லைனிலும் கொடுத்து, பவர் பாலிசியை 'கிரிட்' (ஒரு லைன் போனாலும் மற்றது தாங்கும்) ஆக்குங்கள். காலி ஸ்லாட்டுகளை மூடித் தகட்டால் அடையுங்கள். திறந்துவிட்டால் காற்று அந்த வழியே ஓடிவிடும். பிளேடுகள் சூடாகி எட்டு விசிறிகளும் அலறத் தொடங்கும்.