கழித்துப் பார்க்காதீர்கள்: சைப்பையின் பிழைச் சார்புடன் சில ஆண்டுகள்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பொதிகளின் எடையைக் கண்காணிப்பது என் வேலை. நிரப்பும் பொறியை எந்த எடைக்குத் திருத்தி வைப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் பிழைச் சார்பைத்தான் நாடுகிறேன்; சராசரியைச் சுற்றிச் சிதறும் எடைகளில் எத்தனை எல்லைக்குக் கீழே விழும் என்று கணிக்க உதவும் கணிதச் சார்பு அது.

உறையில் 400 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. பொறி சராசரியாக 403 கிராம் போடுகிறது, நியம விலகல் 1.5 கிராம், எடைகள் செவ்வன் பரம்பலில் (மணி வடிவச் சிதறலில்) அமைகின்றன என்று வையுங்கள். 3ஐ 1.5ஆல் வகுத்து, வந்ததை √2ஆல் வகுத்து, நிரப்புப் பிழைச் சார்பில் (ஒன்றிலிருந்து பிழைச் சார்பு போக மீதி) இட்டுப் பாதியாக்கினால் 0.02275. அதாவது நூறு பொதிக்கு இரண்டுக்குச் சற்று மேல் எடை குறைகிறது. சராசரியை 402க்கு இறக்கினால் அது ஒன்பதைத் தாண்டிவிடுகிறது! பொதிக்கு ஒரு கிராம் மிச்சம் பிடிக்கலாம் என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இதற்குப் பைத்தான் நிரல்மொழியோடு வரும் கணிதத் தொகுதியே போதும். 3.2 பதிப்பிலிருந்து இஆர்எஃப் (erf, பிழைச் சார்பு), இஆர்எஃப்சி (erfc, நிரப்புப் பிழைச் சார்பு) இரண்டும் அதில் இருக்கின்றன. தனியாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இணையம் அறுந்து கிடக்கும் மலையகத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஒரு தடவைக்கு ஒரு எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும். எண் அணிகளைக் கையாளும் பைத்தான் நிரலகமான நம்பையில் (NumPy) இந்தச் சார்பே கிடையாது. ஒரு நாளின் எடைகள் முழுவதையும் ஓர் அணியாகக் கொடுக்க, அறிவியல் கணக்குகளுக்கான நிரலகமான சைப்பைதான் (SciPy) வழி.

புதிதாக வருபவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வால்பகுதி நிகழ்தகவு, அதாவது சராசரியிலிருந்து வெகுதொலைவில் விழும் வாய்ப்பு, வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து இஆர்எஃப்பைக் கழிக்காதீர்கள். சார்பில் 6ஐ இட்டுக் கழித்துப் பாருங்கள், சுத்தமான பூச்சியம் வரும். உண்மையான விடை ஏறத்தாழ 2.15×10⁻¹⁷, இஆர்எஃப்சி அதைப் பிசகாமல் தருகிறது. இரட்டைத் துல்லிய எண்ணில் ஒன்றுக்கு அவ்வளவு அருகில் வேறோர் எண்ணுக்கு இடமில்லை, அதனால்தான் கழித்தால் எல்லாம் கரைந்துபோகிறது. 5க்கே கடைசி இலக்கங்கள் பல நம்பத்தகாதவை. பைத்தானின் ஆவணத்தில் இந்த எச்சரிக்கை ஒரே வரியில் இருக்கிறது. அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பூச்சியத்தின் மடக்கையை எடுத்தால் விடை எதிர் முடிவிலிக்குப் போய், இரண்டு பொறிகளை ஒப்பிடும் கணக்கு முழுவதும் பாழாகிவிடும். மடக்கைதான் தேவை என்றால் அந்த நிகழ்தகவின் மடக்கையையே தரும் சைப்பையின் லாக்_என்டிடிஆர் (log_ndtr) சார்பை நேரடியாக அழையுங்கள். சராசரிக்கு 40 நியம விலகல் கீழே, இஆர்எஃப்சியே பூச்சியமாகிவிடும் இடத்திலும், அது −804.608 என்று விடை சொல்கிறது.