டூரிஸ்ட் பஸ்ஸா, டவுன் பஸ்ஸா, மெட்ரோவா, நடையா? புதிய பெருநகரத்துக்குள் புழங்க எது சரி

புதிதாக ஒரு பெருநகரத்துக்கு நாலைந்து நாள் போகிறவர்கள் முதலில் தயாரிப்பது இடங்களின் பட்டியலைத்தான். ஊரைப் பார்த்துவிட்டு வர அது போதும். ஊருக்குள் புழங்கிவிட்டு வர வேண்டுமென்றால் வேறு இரண்டைத் தீர்மானிக்க வேண்டும்: எதில் போகிறோம், எந்த நேரத்தில் போகிறோம். அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் எதில் போகிறார்களோ அதில் ஏறினால்தான் அவர்களுடைய ஊர் கண்ணில் படும். அந்தக் கணக்கில் எங்கள் ஓட்டு டவுன் பஸ்ஸுக்கும் நடைக்கும். ஆனால் நாள் முழுக்க அதிலேயே ஓட்டிவிட முடியாது.

டூரிஸ்ட் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும்

மாடி திறந்த டூரிஸ்ட் பஸ்ஸில் ஒரே டிக்கெட்டில் 24 அல்லது 48 மணி நேரம் ஏறி இறங்கலாம். சிக்கல் அதன் வழித்தடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். விட்டுப்போன முந்தைய ஸ்டாப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் மீதிச் சுற்றையும் முடித்தாக வேண்டும். நெரிசலில் ஒரு முழுச் சுற்று 2 மணி நேரத்தைத் தின்றுவிடும். கடைசி வண்டி பல ஊர்களில் மாலையிலேயே போய்விடும். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து தெருவுக்கு வருகிற நேரம் அது. 24 மணி நேரம் என்பது முதல் முறை ஏறிய நிமிடத்திலிருந்தா, அன்றைய தேதிக்கு மட்டுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட இருந்தால், பயணக் களைப்போடு இறங்கிய முதல் நாளுக்கு இது நல்ல ஏற்பாடு. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

டவுன் பஸ்ஸில் எந்த எண் என்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நடு ஊரில் கிளம்பி, வீடுகள் நிறைந்த ஒரு புறநகரில் முடியும் வழித்தடம் வேண்டும். பயண நேரம் 40 முதல் 60 நிமிடம். காலை 10 மணிக்கு மேல், மாலை நெரிசல் தொடங்கும் முன் ஏறுங்கள். நெரிசல் நேரத்தில் ஜன்னலும் கிடைக்காது, அவசரமாகப் போகிறவர்களுக்கு நாமும் இடைஞ்சல். கடைசி நிறுத்தம்வரை போங்கள். அங்கிருந்து வந்த வழியிலேயே இரண்டு மூன்று ஸ்டாப் நடந்து, பிறகு ஏறித் திரும்புங்கள். அந்த ஒன்றரை கிலோமீட்டரில் எந்த வழிகாட்டியிலும் இல்லாத ஊர் இருக்கும்: வீட்டு வாசல்கள், சலவைக் கடை, பள்ளி விடும் நேரத்துக் கூட்டம். இறங்குவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள்: திரும்பும் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பாருங்கள். நடு ஊரில் 8 நிமிடத்துக்கு ஒன்று வரும் பஸ், வார இறுதியில் கடைசி நிறுத்தத்தில் 40 நிமிடத்துக்கு ஒன்றாகக்கூட இருக்கலாம்.

தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். சாலையின் இரு பக்கமும் ஸ்டாப்புக்கு ஒரே பெயர் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து ஏறினால் எதிர்த்திசையில் போய்விடுவீர்கள். நெற்றியில் எழுதியிருக்கும் ஊரின் பெயரையும் படியுங்கள். அடுத்தது, அதே எண்ணில் பாதி வழியிலேயே நின்றுவிடும் வண்டிகளும் ஓடும். அதற்கும் நெற்றிப் பலகைதான் விடை. மூன்றாவது ஒருவழிப் பாதை. இறங்கிய இடத்துக்கு எதிரே திரும்பும் ஸ்டாப் இல்லையென்றால் அது அடுத்த இணைத் தெருவில் இருக்கும்.

ஏறும் கதவும் காசு கொடுக்கும் முறையும் ஊருக்கு ஊர் மாறும். 1904 முதல் ஓடும் ஹாங்காங் டிராமில் பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் கட்டணம் செலுத்த வேண்டும். லண்டன் பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது ஒருமுறை வங்கிக் கார்டைக் கருவியில் தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டாம். அங்கே முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது. பிடித்த தெருவில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். டூரிஸ்ட் பஸ் விற்கும் அதே வசதிதான், ஒரு பஸ் கட்டணத்தில். எந்த ஊராக இருந்தாலும் முதல் பஸ்ஸில் முண்டியடித்து ஏறாமல், முன்னால் இரண்டு பேரை விட்டு அவர்கள் செய்வதைப் பாருங்கள்.

மெட்ரோ: தூரம் கடக்க, ஊர் பார்க்க அல்ல

வேகத்துக்கும் நம்பகத்துக்கும் மெட்ரோவை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் தரைக்கடியில் ஓடும்போது ஊர் தெரியாது. அதைவிட மோசம், அதன் வரைபடம் தூரத்தைத் தவறாகக் காட்டும். லண்டன் மெட்ரோவுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான வரைபடம்தான் இன்று உலகெங்கும் உள்ள மெட்ரோ வரைபடங்களுக்கு முன்மாதிரி. அதில் கோடுகள் நேராகவும் நிலையங்கள் சீரான இடைவெளியிலும் இருக்கும். நிஜத் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே தண்டவாளத் தூரம் சுமார் 260 மீட்டர்தான். மேலே நடந்தால் 5 நிமிடம். கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, கோவென்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே வர அதைவிடக் கூடுதலாகும். லிஃப்ட் வேண்டாம் என்று படியைப் பிடித்தால் 193 படி. நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: இரண்டு நிலையத் தூரத்துக்குள், அதுவும் வழியில் ரயில் மாற வேண்டுமென்றால், முதலில் சாதாரண வரைபடத்தில் நடைத் தூரத்தைப் பாருங்கள்.

தரைக்கு மேலே ஓடும் வட்டப்பாதைகள் விதிவிலக்கு. டோக்கியோவின் யாமனோத்தே பாதை 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எந்தப் பகுதிக்கு நாளை கால்நடையாகப் போகலாம் என்று தீர்மானிக்க இது அருமையான வழி.

நியூயார்க்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எக்ஸ்பிரஸ் ரயில் சிறிய நிலையங்களில் நிற்காது. சில நிலையங்களில் வடக்கே போகும் பிளாட்பாரத்துக்கும் தெற்கே போகும் பிளாட்பாரத்துக்கும் தனித்தனி நுழைவாயில், உள்ளே குறுக்கு வழியும் கிடையாது. படியிறங்கும் முன் மேலே இருக்கும் பலகையைப் படிக்காவிட்டால், தவறான பக்கத்தில் நுழைந்து, வெளியே வந்து, மறுபடியும் கட்டணம் கட்டும் நிலை வரும்.

பாஸா, தட்டலா?

சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் பாஸை கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறுவோம் என்று எண்ணிப் பாருங்கள். நிறைய நடப்பவர்களுக்கு அது மூன்று நான்கைத் தாண்டாது. ஒரு நாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு உள்ள லண்டன் போன்ற ஊர்களில் வெறும் கார்டைத் தட்டிக்கொண்டே போகலாம். வரம்பைத் தொட்டதும் கட்டணம் நின்றுவிடும். ஆனால் காலையில் போனையும் மாலையில் கார்டையும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும், தனித்தனி ஆளாகவே கணக்காகும், வரம்பு சேராது. ஒன்றையே கடைசிவரை பயன்படுத்துங்கள். ஒரே கார்டில் இரண்டு பேர் போகவும் முடியாது. லண்டன் மெட்ரோவில் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு உங்கள் கார்டு திறந்திருக்கிறதா, ஒவ்வொரு தட்டலுக்கும் வங்கி தனிக் கட்டணம் பிடிக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பாரிஸில் வார பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழன் காலை இறங்கி அதை வாங்கினால் நான்கு நாள்தான் கிடைக்கும். திங்களோ செவ்வாயோ போய்ச் சேர்பவர்களுக்கு மட்டுமே அது முழு லாபம்.

நடையும் சைக்கிளும்

கிலோமீட்டருக்கு 12 முதல் 15 நிமிடம் என்பது நிற்காமல் நடக்கும் கணக்கு. பார்த்துக்கொண்டே, சிக்னலில் நின்றுகொண்டே போனால் 3 மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் தாண்டாது. அதனால் பத்து இடங்களைக் கோத்து நடப்பதைவிட ஒரே பகுதியைத் தேர்ந்தெடுத்து, காலை 7 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை நடப்பதைத்தான் வலியுறுத்துவோம்.

நேரம் மாறும்போது ஊர் எப்படிப் புரண்டு படுக்கிறது என்பதற்கு ஹாங்காங்கில் கண்கூடான சாட்சி இருக்கிறது. சென்ட்ரல் பகுதியையும் மேலே மலைச்சரிவில் இருக்கும் குடியிருப்புகளையும் இணைக்கும் எஸ்கலேட்டர் தொடர், 1993-ல் திறந்தது, நீளம் சுமார் 800 மீட்டர். காலை 6 முதல் 10 வரை அது கீழ்நோக்கி ஓடும். வேலைக்கு இறங்கும் கூட்டம். 10 மணிக்கு மேல் நள்ளிரவு வரை மேல்நோக்கி. காலை 9 மணிக்கு மலைப்பக்கம் போக நினைத்தால் படியேறித்தான் போக வேண்டும். காலை 8 மணிக்குக் கைப்பையும் தோள்பையுமாக இறங்கிய அதே முகங்கள் இரவு 7 மணிக்குக் கடைப் பைகளோடு ஏறுவதைப் பார்க்கலாம்.

சைக்கிள் 3 முதல் 8 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏற்றது, தரை சமமாக இருந்தால். வாடகைச் சைக்கிளில் பணம் போவது திருப்பி விடும்போதுதான்: ஸ்டாண்டில் சரியாகப் பூட்டாமல் விட்டால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கோ, செயலியில் பயணம் முடிந்ததென்ற செய்தியோ வரும்வரை நகராதீர்கள். போகும் இடத்து ஸ்டாண்டில் காலியிடம் இருக்கிறதா என்பதையும் கிளம்பும்போதே பாருங்கள். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு காலை 7 முதல் பிற்பகல் 2 வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளை வண்டிகளுக்கு மூடி, சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறார்கள். அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் உள்ளடக்கித் திட்டமிடுங்கள்.

ஆறோ கடலோ உள்ள ஊரில்

உல்லாசப் படகை விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் போகும் படகைத் தேடுங்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு 1997 முதல் இலவசம். 25 நிமிடப் பயணம். இரவு பகல் ஓடும். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலப்பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். அக்கரையில் எல்லோரும் இறங்கி, மறுபடி உள்ளே போய்த்தான் ஏற வேண்டும். படகிலேயே உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். இதற்கு டிக்கெட் என்று யாராவது தெருவில் விற்றால் வாங்காதீர்கள். சிலையருகே இறங்க வேண்டுமென்றால் மட்டும் இது உதவாது, கட்டணப் படகுதான்.

தங்குமிடம்

நடு ஊரில் தங்கினால் நடைத் தூரம் மிச்சம். ஆனால் சுற்றிலும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களே இருப்பார்கள். குடியிருப்புப் பகுதியில் தங்க எங்கள் சிபாரிசு, இரண்டு நிபந்தனைகளோடு: நிலையம் 10 நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், அதில் இரண்டு தடங்களாவது சந்திக்க வேண்டும், ஒன்று நின்றால் மற்றது கைகொடுக்கும். நியூயார்க் மெட்ரோ 24 மணி நேரமும் ஓடும், டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியதும் நின்று விடியற்காலை 5 மணியளவில்தான் தொடங்கும். கடைசி ரயிலைப் பார்க்கும்போது நீங்கள் ஏறும் நிலையத்து நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வழியில் மாற வேண்டிய இரண்டாவது தடத்தின் கடைசி ரயில் எப்போது என்று பார்த்து, மாறுவதற்கு 10 நிமிடம் கூட்டி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.