ஸ்கூட்டிக்குப் போன் ஹோல்டரும் சார்ஜரும்: பிடி நல்லது, வயர்தான் வில்லங்கம்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் இந்தச் சாமான் தொங்கும். கறுப்பு அலுமினியத்தில் நாலு விரல் பிடி, அடியில் உருண்டை மூட்டு, பக்கவாட்டில் றப்பர் மூடியோடு யுஎஸ்பி துளை, வாலாக ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும். பெட்டியில் பெயர்கள் பலவிதம், உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றுதான். டியோ, என்ரோர்க், பெப், பிளெஷர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். பொருந்தும்தான். ஆனால் பூட்டி இரண்டு கிழமையில் காலமை செல்ப் அடிக்காமல் கிக்கரை உதைக்க வேண்டி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான். பிடியில் குறை சொல்ல அதிகம் இல்லை. வயரை எங்கே கொண்டுபோய்க் கொழுவினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்கூட்டியின் ஹாண்டில் முழுக்கப் பிளாஸ்ரிக்கால் மூடியிருக்கும். மோட்டார் சைக்கிளில் போல 22 மில்லிமீற்றர் வெறும் குழாய் வெளியே இராது. ஆகவே குழாயில் இறுக்கும் வளையப் பிடியை வாங்கினால் அது வீட்டு லாச்சிக்குள்தான் கிடக்கும். கண்ணாடித் தண்டின் அடியில் மாட்டும் வகையைக் கேளுங்கள். அதன் காதுத் துளை வழக்கமாக 10 மில்லிமீற்றர். உங்கள் கண்ணாடியின் மரை 8 மில்லிமீற்றர் என்றால் துளைக்குள் ஆடும், இடையில் ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் சிறு வளையம்) போட வேண்டும். பெட்டிக்குள் அந்தப் புஷ் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். யமஹா மோட்டார் சைக்கிள்களில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை மறுபக்கமாகச் சுற்றும் வழக்கம் உண்டு. உங்களுடையதும் யமஹா என்றால், கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கி மரையை உடைக்காமல் முதலில் மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் பூட்டுவது? இடப்பக்கம். வலக்கை அக்சிலேற்றரில் இருக்க வேண்டும், திரையைத் தட்டுவதற்காக அதை விடக்கூடாது. கை நீளமான பிடியை வாங்காதீர்கள். தண்டில் இருந்து போன் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு ஆட்டமும் கூடும். பூட்டி முடிந்ததும் ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை வெட்டிப் பாருங்கள். போனின் மூலை முன் பனலில் முட்டினால் உருண்டை மூட்டைத் தளர்த்திச் சற்று நிமிர்த்த வேண்டும்.

சிலிக்கன் வலைப் பிடி விலை குறைவு, அதற்கு அவ்வளவுதான் பெறுமதி. ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது மூலை அறும். சிப் (zip) வைத்த மழைப்பை கார்த்திகை மழைக்கு உதவும், சித்திரையில் அது போனை அவிக்கும் சட்டி. வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் ஹோல்டர் பார்க்க வடிவு. ஆனால் போனின் முதுகில் அதுவும் சூடு, முகத்தில் வெயிலும் சூடு. கொஞ்ச நேரத்தில் திரை மங்கி, சார்ஜ் ஏறுவது நிற்கும். ஐபோன்களைப் பாவிக்க ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியஸ் வரைதான் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மத்தியான வெயிலில் கறுப்புப் பிடிக்குள் இருக்கும் போன் அதைத் தாண்ட அதிக நேரம் வேண்டாம்.

அதிர்வு இன்னொரு விஷயம். உயர்ரகக் கமராப் போன்களில் வில்லை ஆடாமல் இருக்க அதை மிதக்கவிட்டுக் காந்தத்தால் பிடித்திருப்பார்கள். தொடர்ச்சியான எஞ்சின் அதிர்வு அந்தப் பொறிமுறையைப் பழுதாக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் எச்சரித்தது. பெரிய மோட்டார் சைக்கிள்களில் போனைப் பூட்டவே வேண்டாம் என்றும், சிறிய ஸ்கூட்டர் வகைகளில் அதிர்வு தாங்கியோடு பூட்டலாம் என்றும் அந்த அறிவுரை பிரித்துச் சொல்கிறது. ஸ்கூட்டியில் அதிர்வு மோசமாகத் தெரிவது ஓடும்போதைவிடச் சிக்னலில் நிற்கும்போதுதான். திரையிலுள்ள எழுத்து இரட்டையாகத் தெரியும். எனவே உருண்டை மூட்டுக்கும் பிடிக்கும் இடையில் றப்பர் வளையங்கள் உள்ள வகை நல்லது. கொஞ்சம் கூட விலை கொடுக்கப் பெறுமதியான ஒரே அம்சம் அதுதான். விலை கூடிய கமராப் போன் வைத்திருப்பவர் பழைய போன் ஒன்றைப் பூட்டி ஓடுவது இன்னும் நல்லது.

இனி வயர்.

ஸ்கூட்டிப் பற்றரி சின்னது. மொடலைப் பொறுத்து 3 முதல் 5 ஆம்பியர்-மணி. பூட்டித் தருபவர் சீற்றைத் தூக்கியோ கால் தட்டைக் கழற்றியோ நேரே பற்றரியில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் கொழுவிவிட்டு, கால் மணித்தியாலத்தில் காசை வாங்கினால், கெட்ட வேலை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சார்ஜருக்குள் இருக்கும் சுற்று போன் கொழுவாத நேரமும் 10, 20 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். வோல்ற் காட்டும் நீல எழுத்து உள்ளது என்றால் அதற்கும் கூட. 20 என்றே வைப்போம். ஒரு நாளைக்கு 480 மில்லி ஆம்பியர்-மணி. 3 ஆம்பியர்-மணிப் பற்றரியில் மூன்று நாளில் பாதி போய்விடும். கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தால் செல்ப் 'ரிக்' என்ற சத்தத்தோடு நிற்கும். இப்படி அடிக்கடி அடிவரை இறங்கினால் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து பற்றரியே செத்துப்போகும்.

ஆகவே திறப்பைப் போட்டால் மட்டும் மின் வரும் வயரில் எடுக்க வேண்டும். அது எது என்பதில்தான் இரண்டாவது பொறி. பலர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று ஹெட்லைற் வயரில் எடுக்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டியில் திறப்பை மட்டும் போட்டு, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் ஹெட்லைற்றைப் பாருங்கள். எரியவில்லை, எஞ்சின் ஓடும்போதுதான் எரிகிறது, அக்சிலேற்றருக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைகிறது என்றால் அந்த வயரில் வருவது காந்தச் சுருளின் ஆடலோட்டம் (ஏசி). சார்ஜருக்கு வேண்டியது பற்றரியில் இருப்பது போன்ற நேரோட்டம் (டிசி). அதில் கொழுவினால் போனில் சார்ஜ் அடையாளம் வந்து வந்து போகும், கொஞ்ச நாளில் சார்ஜரும் போய்விடும். பழைய டியோ போன்ற பல சிறு ஸ்கூட்டிகளின் ஹெட்லைற் இந்த வகைதான்.

மூன்றாவது பொறி நிறம். சார்ஜரின் கறுப்பு வயர் நெகற்றிவ். ஹொண்டா வண்டிகளின் கறுப்பு வயரோ திறப்பைப் போட்டதும் 12 வோல்ற் வரும் பொசிற்றிவ். ஹொண்டாவில் ஏர்த், அதாவது நெகற்றிவ், பச்சை. கறுப்பைக் கறுப்போடு சேர்ப்பவர் அந்த இடத்திலேயே பிழை விடுகிறார். யமஹாவில் மண்ணிறம் திறப்போடு வரும் பொசிற்றிவ், கறுப்பு ஏர்த். மற்ற வண்டிகளில் நிறத்தை நம்ப வேண்டாம், வோல்ற் அளக்கும் மீற்றரை வைத்துப் பாருங்கள். மீற்றரின் கறுப்பு முனையைச் சட்டத்தின் பெயின்ற் இல்லாத ஒரு நட்டில் பிடித்து, சிவப்பு முனையால் ஹோர்ண் அல்லது பிறேக் லைற் சுவிச்சுக்குப் போகும் வயர்களைத் தொட்டுப் பாருங்கள். திறப்புப் போட்டால் 12 வோல்ற்றுக்கு மேல், எடுத்தால் பூச்சியம், ஹோர்ண் அழுத்தினாலும் விட்டாலும் மாறக்கூடாது. அந்த வயர்தான் உங்களுக்கு வேண்டியது.

மீற்றர் கையில் இருக்கும்போதே பற்றரியையும் பார்த்துவிடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சினை ஓட்டி அக்சிலேற்றர் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். 13ஐயே தாண்டவில்லை என்றால் ரெகுலேற்றரிலோ கொயிலிலோ குறை இருக்கிறது. அதைத் திருத்தாமல் சார்ஜர் பூட்டிப் பிரயோசனம் இல்லை.

பியூஸ் கட்டாயம். 18 வற் சார்ஜர் ஒன்று இழப்போடு சேர்த்து ஏறக்குறைய 21 வற் இழுக்கும், 12.5 வோல்ற்றில் அது 1.7 ஆம்பியர். அதற்கு 3 ஆம்பியர் பியூஸ் போதும். இரண்டு துளையும் சேர்ந்து 30 வற் தரும் வகைக்கு 5 ஆம்பியர். கையில் இருக்கிறது என்று 10 அல்லது 15 போட்டால், வயர் உருகிய பிறகும் பியூஸ் அப்படியே இருக்கும். பெட்டியோடு வரும் வயர் மெல்லியது. மின் எடுக்கும் இடத்தில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கூட்டைப் போட்டு, அங்கிருந்து 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை ஓட்டுங்கள். றிலேயும் (பெரிய மின்னைத் திறந்து மூடும் தனிச் சுவிச்) போட வேண்டும் என்று யாராவது கூடக் காசு கேட்டால், இந்த அளவு மின்னுக்கு அது தேவையில்லை.

இணைப்பு எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வயரின் தோலைக் குத்தி இறுக்கும் நீலக் கிளிப் வெளிநாட்டு வீடியோக்களில் அழகாக இருக்கும். கடலுக்கு மேலால் போகும் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் ஓடும் வண்டியில், குறிகட்டுவான் படகுத்துறையில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில், உப்புக் காற்றில் அது ஒரு மாரியைத் தாண்டுவது கஷ்டம். கழற்றிப் பார்த்தால் செப்பு இருந்த இடத்தில் பச்சைத் தூள், நகத்தால் சுரண்டினால் வயர் இழை இழையாக உதிரும். இன்சுலேசன் ரேப் சுற்றினாலும் இதே கதைதான், சூட்டில் பசை இளகி ரேப் தானாகவே அவிழும். தோலைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து, அதன் மேல் சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட வேண்டும். குழாயின் உட்பக்கம் பசை உள்ள வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஹாண்டிலில் இருந்து முன் பனலுக்குள் வயர் இறங்கும் கழுத்துத்தான் அறும் இடம். ஏற்கெனவே இறங்கும் கட்டோடு சேர்த்து இறக்கி, ஒரு சிறு வளைவு தொய்வாக விட்டு, பிறகு கேபிள் ரையால் கட்டுங்கள். இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் வயர் இழுபடும். இடப்பக்கம் திரும்பினால் மட்டும் சார்ஜ் நிற்கிறது என்று முறையிடுபவர்களின் வண்டியில் அறுந்திருப்பது அந்த இடம்தான்.

வேகச் சார்ஜ் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. வழிகாட்டிப் படத்தைத் திறந்து திரையை முழு வெளிச்சத்தில் வைத்தாலும் போன் செலவழிப்பது சில வற்தான். 5 வோல்ற், 1 ஆம்பியர் அதை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கும். 2 ஆம்பியர் மெல்ல ஏற்றும், போனும் அதிகம் சூடாகாது. நாள் முழுக்கச் சாப்பாடு கொண்டு ஓடும் பொடியங்களுக்கு 18 வற் உதவும், அதுவும் பின்னேரம் வெயில் இறங்கிய பிறகு. கேபிள் ஒரு சாண் போதும், முனை வளைந்த வகை நல்லது. நீளக் கேபிள் பிறேக் கையில் சுற்றிக்கொள்ளும்.

எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் போட்டுவிட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். 5000 மில்லி ஆம்பியர்-மணிப் போன் ஒன்றை நிரப்ப இழப்போடு ஏறக்குறைய 23 வற்-மணி வேண்டும். 3 ஆம்பியர்-மணிப் பற்றரியில் மொத்தமே 36 இருக்கும். கோயில் வாசலில் நின்று போனை நிரப்பினால் வீட்டுக்குக் கிக்கர்தான். செல்ப் அடிக்கும் கணத்தில் சார்ஜ் ஒருமுறை நின்று வருவது ஒரு குறை இல்லை, அப்போது பற்றரி வோல்ற் கொஞ்சம் விழும்.

மழைக்குத் துளையின் றப்பர் மூடி போதும், மூடினால். நனைந்த துளையில் 5 வோல்ற் நின்றால் பொசிற்றிவ் ஊசி கரைந்து பச்சை பிடிக்கும். திறப்போடு நிற்கும் இணைப்பில் நிறுத்திய வண்டிக்கு அந்தப் பயம் இல்லை, பற்றரியில் நேரடியாக எடுத்தவருக்கு உண்டு. துளை வானத்தைப் பார்க்காமல் சரிந்து இருக்கட்டும். போன் ஈரம் என்று எச்சரித்தால் ஊதி ஊதிக் குத்தாமல் காயவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீட்டு வளவுகளுக்குள் நெருக்கி நிறுத்தும் வண்டிகளில் நாலு விரல் பிடியை உருவிக்கொண்டு போவது சுலபம். உருண்டை மூட்டின் கைத்திருகைக் கழற்றிவிட்டு ஆறுமூலை ஆணி போட்டால் திருடருக்கும் கஷ்டம், அதிர்வில் தளர்வதும் குறையும்.

சட்டப்படி கையில் பிடித்துப் பேசுவதுதான் குற்றம் என்று சொல்லிக்கொண்டு ஹோல்டரில் வைத்துக் குறுஞ்செய்தி எழுதுவோருக்கு இந்தச் சாமானைச் சிபாரிசு செய்ய முடியாது. மற்றவர்களுக்கு: றப்பர் வளையம் உள்ள அலுமினியப் பிடி, சாதாரண 2 ஆம்பியர் சார்ஜர், தனியாக வாங்கிய வயரும் பியூஸ் கூடும். சேர்ந்தே வரும் செற்றை வாங்கினால் அதன் வயரைக் குட்டையாக வெட்டிவிட்டு உங்கள் வயரைச் சேர்ப்பியுங்கள். ஒழுங்காகச் செய்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத வேலை. அதற்கு மெக்கானிக் கேட்கும் கூலியில் பேரம் பேச வேண்டாம்.

வண்டியைச் சேர்விஸுக்கு விடும்போது துளையின் மூடிக்கு மேல் ஒரு சொப்பிங் பையைச் சுற்றி றப்பர் வளையம் போட்டுவிடுங்கள். மாரி மழை செய்யாததை அங்கே வண்டி கழுவும் தண்ணீர்த் துவக்கு இரண்டு நிமிசத்தில் செய்துவிடும்.