300 மணி நேரக் களப்பயிற்சி, எல்லாம் ஒரே பேனாவில்

குழந்தைகள், இளையோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்கலாம் என்று யோசிப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஓராண்டுப் படிப்பு, 300 மணி நேரக் களப்பயிற்சி, முடித்ததும் குழந்தைகள் இல்லத்தில் வேலை. விளம்பரம் இப்படித்தான் சொன்னது. சேரும்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். என் மேல் வழக்கு ஏதும் உண்டா, முன்பு எங்கே வேலை பார்த்தேன் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. குழந்தைகளிடம் அனுப்பப் போகிற ஆள்! தவணைப் பணத்துக்கு மட்டும் மூன்று முறை போன் வந்தது.

வகுப்புகள் சுமார். 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் பிரிவுகளை ஒப்பிக்க வைத்தார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிற 12-ஆம் பிரிவைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

களப்பயிற்சிக்குப் போன இல்லத்தில், நன்கொடையாக வந்த துணிகளை அளவு வாரியாக அடுக்கச் சொன்னார்கள். பதினோரு நாளும் அதே ஸ்டோர் ரூம். என் மேற்பார்வையாளர் என்று பெயர் போட்டிருந்தவரைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கு அந்தப் பையன் ஏன் கத்தினான், நீ ஏன் அப்படிப் பதில் சொன்னாய், அப்போது உனக்குள் என்ன ஓடியது என்று அனுபவமுள்ள ஒருவர் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொள்வதில் பாதி அதுதான். எனக்கோ பன்னிரண்டாம் நாள், பயிற்சி நேரத்தைப் பதியும் லாக் புக் வந்தது. 300 மணி நேரமும் நிரப்பி, ஒரே பேனாவில், ஒரே சாய்வில். "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்." போட்டேன். அது என் தப்பு.

அப்புறம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலைக்கு நேர்காணல். "இரவு பதினொரு மணி. பதிமூன்று வயதுப் பெண் உங்களிடம் வந்து, 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்' என்கிறாள். என்ன செய்வீர்கள்?" சத்தியம் செய்து அவள் நம்பிக்கையைப் பெறுவேன் என்றேன். கேள்வி கேட்ட அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. யாரோ அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் நான் மேலே சொல்லியே ஆக வேண்டுமே. காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்துவிட்டு, ஏற்கெனவே பெரியவர்களிடம் ஏமாந்தவளை நானும் ஏமாற்றுவதா? நாற்காலியைத் தூக்கும் பையனை என்ன செய்வீர்கள் என்றதற்கு, எங்கள் கையேட்டில் படம் போட்டிருந்தபடி குப்புறப் படுக்கவைத்து அமுக்குவேன் என்றேன். அப்படி அமுக்கினால் மூச்சு முட்டி உயிரே போகலாம் என்று அவர்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேரும் முன் எந்த இல்லம், யார் மேற்பார்வை, வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். வேலைக்குப் போக நினைக்கும் இல்லத்துக்கே போன் போட்டு, இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா என்று கேளுங்கள். நான் படிப்பை முடித்த பிறகுதான் கேட்டேன். கேட்ட இரண்டு இல்லத்திலும் ஏற்கமாட்டோம் என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு, படித்த மையத்துக்குப் போனேன். அலமாரியிலிருந்து லாக் புக்கை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்கள். "இது உங்க கையெழுத்துதானே மேடம்?"