வீசிங்குக்கு "மூலிகைப் பொடி" சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள் (சேலம்)

எங்கள் அம்மா சாகக் கிடந்து பிழைத்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும், ஆஸ்பத்திரி அலைச்சலில் முடியவில்லை. பதிவு நீளம்தான், ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 54 வயது. இருபது வருசமாகக் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கிற வேலை. அந்தப் புகையில் உட்கார்ந்து உட்கார்ந்தோ என்னவோ, ஐந்தாறு வருசமாக வீசிங். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அம்மா அதை மூச்சு முட்டும்போது மட்டும் எடுக்கும், சரியானதும் பீரோவில் வைத்துவிடும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்று பட்டறையில் யாரோ சொன்னது அதன் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

போன ஆடியில் சொந்தக்காரர் ஒருவர் ஏற்காடு மலை அடிவாரத்துப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். (பெயரும் இடமும் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.) சேர்வராயன் மலையில் அவரே பறித்துக் காயவைத்து இடித்த பொடி என்றார். நாடி பிடித்துப் பார்த்தார். அம்மாவின் பையில் இருந்த இன்ஹேலரைக் கையில் எடுத்து, "இதுல இருக்கறது ஸ்டீராய்டும்மா. நுரையீரலையே அரிச்சிரும். இதத் தூக்கிப் போட்டுட்டு வந்தாத்தான் எங்கிட்ட மருந்து"ன்னு சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பதினைந்து நாளைக்கு முப்பது பொட்டலம், 900 ரூபாய்.

இரண்டே நாளில் இளைப்பு நின்றது. உண்மையாகவே நின்றது. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கியது, பசி எடுத்தது, மாடிப்படி ஏறியது. கைராசிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன், அதில் இரண்டு பேர் போயும் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு இப்போது நேரில் போய் விவரம் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதங்களில் நடந்ததை எல்லாம் நாங்கள் பார்த்தோம், ஆனால் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. தெருவில் எல்லோரும் "உடம்பு தேறிடுச்சே" என்றார்கள். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையில் கொக்கி மாட்டவே முடியவில்லை, ஆனால் கைப்பக்கம் தொளதொளவென்று கிடந்தது. தையல்காரம்மா அளவு மாற்றி வெட்டிவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போனோம். வயிறும் முகமும் பெருத்து, கையும் காலும் சூம்பிக்கொண்டு வந்திருக்கிறது. கதவில் லேசாக இடித்தாலும் தோலுக்கு அடியில் நீலமாக ரத்தம் கட்டியது. கார்த்திகையில் ஓயாத தாகம், பரிசோதித்தால் சர்க்கரை 290. அந்த கிளினிக்கில் சர்க்கரை மாத்திரை எழுதினார்கள், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வைத்தியர் கடை பூட்டிக் கிடந்தது. பொட்டலம் தீர்ந்து நாலாவது நாள் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி, அசதி, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றது. பொங்கல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஒரு பகல் முழுக்க ஓமத்தண்ணீர் கொடுத்தோம். சாயங்காலம் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பிரஷர் 80க்கு 50.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ரொம்பச் சின்னப் பெண். அம்மாவின் முகத்தையும் கையில் இருந்த நீலத் திட்டுகளையும் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு மாத்திரை எவ்வளவு நாளா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். வேறு மருந்து? சர்க்கரை மாத்திரை மட்டும் என்றேன். பொடியை நான் சொல்லவே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் விடாமல், "நாட்டு மருந்து, பொடி, லேகியம் எதாவது?" என்று திரும்பக் கேட்டதால்தான் வாயில் வந்தது. உடனே ரத்தம் எடுத்துக்கொண்டு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா கண்ணைத் திறந்து காபி கேட்டது.

அப்புறம் அந்த டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். இரண்டு சிறுநீரகத்தின் மேலேயும் தொப்பி மாதிரி ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது, அட்ரீனல். உயிர் ஓடத் தேவையான கார்டிசோலை அதுதான் தினமும் சுரக்கிறது. அதே வேலையைச் செய்கிற ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், நீ சுரக்க வேண்டாம் என்று மூளை நிறுத்திவிடும், சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று பொட்டலம் நின்றால் உள்ளேயும் இல்லை, வெளியிலும் இல்லை. பிரஷர் அப்படியே இறங்கும், உயிரே போகலாம். அன்று எடுத்த ரத்தத்தில் அம்மாவின் கார்டிசோல் 0.9. காலை எட்டு மணிக்குப் பார்க்கிற அளவே 3க்குக் கீழே இருந்தால் சுரப்பி வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். இது உடம்பு அபாயத்தில் கிடந்த நேரத்தில் எடுத்தது, அப்போது இன்னும் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும்.

மிச்சம் இருந்த ஒரே பொட்டலம் சாமி அலமாரியில் கிடைத்தது. அதை வெள்ளைத் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்புப் பொடி, மிளகு வாசனை, நடுவில் உப்புக்கல்லை நுணுக்கிய மாதிரி வெள்ளைத் துணுக்குகள், ஒரு துணுக்கில் மாத்திரையின் வளைந்த விளிம்பு அப்படியே இருந்தது. டெக்சாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கலாம் என்பது டாக்டரின் கணிப்பு. பொட்டலத்தோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன், ஆய்வு முடிவு வரவில்லை.

என் வயிறு எரிவது இதற்குத்தான். இன்ஹேலரில் ஸ்டீராய்டு என்று அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. அம்மாவின் இன்ஹேலரில் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு ஒரு இழுப்புக்கு 200 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 400. அதாவது ஒரு மில்லிகிராமில் பாதி கூட இல்லை, அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும், அவ்வளவுதான் பெரும்பாலும். பொடி வழியாகத் தினமும் குறைந்தது 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமமானது உடம்பு முழுக்கப் போயிருக்கும் என்கிறார் டாக்டர். இன்ஹேலரிலிருந்து உடம்பு முழுக்கப் பரவுவதைவிட இது பல மடங்கு. சின்ன அளவைக் காட்டிப் பயமுறுத்தி, பெரிய அளவைச் சொல்லாமல் ஊட்டியிருக்கிறார்.

ஸ்டீராய்டு மாத்திரையே விஷம் என்று நான் சொல்லவில்லை. இளைப்பு முற்றி வந்தால் டாக்டரே ஐந்து நாள், ஏழு நாள் என்று அளவாகக் கொடுப்பார், அது உயிரைக் காப்பாற்றும். சித்த மருத்துவத்தையும் குறை சொல்லவில்லை, ஆடாதோடையும் தூதுவளையும் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் இரண்டே நாளில் வீசிங்கை அடியோடு நிறுத்துகிற பொடி, உரிம எண்ணோ என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமோ தேதியோ இல்லாத பொட்டலத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்துமாவை வேரோடு குணப்படுத்துவேன் என்று சொல்லி மருந்து விற்கவே கூடாது, மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்ற பட்டியலில் அந்த நோய் இருக்கிறது.

அம்மா இப்போது சுரப்பி தராத கார்டிசோலுக்குப் பதிலாகத் தினம் காலையில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிடுகிறது, மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் அன்று இரட்டிப்பாகப் போட வேண்டும் என்று எழுதிய சீட்டு சுருக்குப் பையிலேயே இருக்கிறது. சுரப்பி விழிக்க இன்னும் மாதங்கள் ஆகலாம். இன்ஹேலரை இரண்டு வேளையும் எடுக்கிறது, பட்டறைக்கு அனுப்புவதில்லை.

போன ஞாயிறு அந்த வழியாகப் போனேன். கடை திறந்திருந்தது. பெஞ்சில் ஒரு அக்கா, மடியில் ஆறேழு வயசுப் பையன், கன்னம் இரண்டும் பன்னு மாதிரி. வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை மாசமா வாங்குறீங்க அக்கா என்று கேட்டேன். எட்டு மாசம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், போனில் அம்மாவின் ஆடி மாதப் படத்தையும் தை மாதப் படத்தையும் காட்டினேன். அவர் கையில் இருந்த பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே, "அப்ப இன்னிக்கே நிறுத்திரட்டுமா தம்பி?" என்றார்.

"நிறுத்தாதீங்க அக்கா, அதுதான் ஆபத்து. அந்தப் பொட்டலத்தையும் பையனையும் தூக்கிக்கிட்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வர்றேன்" என்றேன். வண்டியில் ஏறிக்கொண்டார்.