ஒரே கண்ணுக்கு மூன்று சீட்டு: பிள்ளையின் சிலிண்டர் பவரில் எதை நம்புவது?

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி என்று பேச்சு வந்தால் போதும், வீட்டில் சீட்டுகள் சேர ஆரம்பித்துவிடும். கண்ணாடிக்கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தது ஒன்று, ராமநாதபுரத்தில் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தது ஒன்று, மனசு கேட்காமல் மதுரைக்குப் போய் அங்கேயும் மருந்து விட்டு வாங்கியது ஒன்று. நான்கு வயதுப் பிள்ளையின் வலது கண்ணுக்கு இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கடை: −0.75 / −2.00 × 10
ராமநாதபுரம்: +1.00 / −2.25 × 180
மதுரை: −1.25 / +2.25 × 90

பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஆனால் பின்னிரண்டும் ஒரே கண்ணாடிதான். முதல் எண் ஸ்பியர், அதாவது எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்; அடுத்தது சிலிண்டர், ஒரு திசைக்கு மட்டும் சேரும் பவர்; கடைசியில் ஆக்சிஸ், அந்தத் திசையைச் சொல்லும் டிகிரி. சிலிண்டரை மைனஸில் எழுதும் டாக்டரும் உண்டு, பிளஸில் எழுதும் டாக்டரும் உண்டு. ஒன்றை இன்னொன்றாக மாற்ற முதல் இரண்டு எண்களையும் கூட்டுங்கள்: +1.00, −2.25 சேர்ந்தால் −1.25. அது புது ஸ்பியர். சிலிண்டரின் குறியை மட்டும் திருப்புங்கள். ஆக்சிஸை 90 டிகிரி நகர்த்துங்கள். மதுரைச் சீட்டு வந்துவிடும். இது தெரியாமல் 'ஆளுக்கொன்று சொல்கிறார்கள்' என்று மூன்றாவது டாக்டரைத் தேடிப் போவது வீண் செலவு.

180 என்றதும் பதற வேண்டாம், அது பவர் இல்லை. கருவிழி, வல்லம் என்னும் படகின் அடிப்பகுதி போல நீளவாக்கில் ஒரு வளைவும் குறுக்குவாக்கில் இன்னொரு வளைவுமாக இருப்பதுதான் அஸ்டிக்மாடிசம். அந்த வளைவுகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்பதை ஆக்சிஸ் சொல்கிறது. 10-ஐவிட 180 மோசம் என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால் 180-ம் 0-வும் ஒரே கோடு.

உண்மையான போட்டி கடைச் சீட்டுக்கும் மருந்து விட்ட சீட்டுக்கும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சின்னப் பிள்ளைக்கு மருந்து விட்ட சீட்டுதான். பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் நல்ல தொடக்கம். பிள்ளையோ பெட்டிக்குள் தெரியும் படத்தை உற்றுப் பார்க்கும்போது கண்ணின் தசையை இறுக்கிவிடும். பிளஸ் இருக்கும் கண் அப்போது மைனஸாகக் காட்டும். மேலே +1.00, −0.75 ஆனது அப்படித்தான். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர்த்திவிடுவதால் உண்மையான எண் கிடைக்கும். அந்த மைனஸைப் போட்டுவிட்டாலும் பிள்ளை தசையை இன்னும் இறுக்கி, 'நல்லாத் தெரியுது' என்றே சொல்லும். தப்பு வெளியே தெரியாது.

சிலிண்டர் எண்ணைக் கம்ப்யூட்டர் ஓரளவு சரியாகவே பிடிக்கும். தலை ஆடினால் ஆக்சிஸ் கெடும். 10 டிகிரி விலகினால் சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி விலகினால் கண்ணாடி போட்டும் அதே அளவு சிலிண்டர் குறை, வேறு திசையில், மிச்சம் நிற்கும்.

மருந்திலும் இரண்டு வகை. ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட் சொட்டு என்றால் ஆஸ்பத்திரியிலேயே விட்டு, காத்திருந்து, அன்றே பார்த்துவிடலாம். ஓரிரு நாளில் கண் பழைய நிலைக்கு வரும். அட்ரோபின் களிம்பு என்றால் வீட்டிலேயே மூன்று நாள் போட்டுவிட்டுப் போக வேண்டும். தசையை முழுசாகத் தளர்த்துவது அதுதான், ஆனால் கண் கூச்சம் இரண்டு வாரம் வரைகூட நீளும். நம் கடற்கரை வெயிலுக்குத் தொப்பி இல்லாமல் பிள்ளையை வெளியே விட முடியாது. களிம்பு போட்டதும் கையைக் கழுவுங்கள். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். எதைப் போடுவது என்பது வயதையும் கண்ணையும் பார்த்து அவர் எடுக்கும் முடிவு.

லென்ஸில் பெரிய யோசனை தேவையில்லை. உடையும் கிளாஸில் செய்த லென்ஸ் பிள்ளைக்குக் கூடவே கூடாது. சாதா பிளாஸ்டிக்கில் கீறல் குறைவு, பாலிகார்பனேட் அடி தாங்கும். விழுந்து எழும் வயதுக்குக் கீறல் தடுப்புப் பூச்சுள்ள பாலிகார்பனேட்டே என் ஓட்டு. மணலும் உப்பும் படிந்த லென்ஸைச் சட்டை நுனியில் துடைக்காமல், முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஃபிரேம்தான் பலர் அசட்டையாக விடும் இடம். சிலிண்டர் இல்லாத கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. சிலிண்டர் லென்ஸ் ஃபிரேமோடு சாய்ந்தால் ஆக்சிஸும் சேர்ந்து திரும்புகிறது. 5 டிகிரி சாய்வுக்கே பலனில் ஆறில் ஒரு பங்கு குறையும். உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும் மெட்டல் ஃபிரேமைவிட, இறுக்கமாக மூக்கில் உட்காரும் பிளாஸ்டிக் ஃபிரேமும் பின்னால் கட்டும் பட்டையும் மேல்.

'இத்துணூண்டு பிள்ளைக்கு எதுக்குக் கண்ணாடி, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போட்டாப் போதாதா?' என்று அப்பத்தா கேட்பார். போதாது. ஏழெட்டு வயதுக்குள் மூளைக்குத் தெளிவான படம் போகாவிட்டால் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும், அப்புறம் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைப்பது கடினம். தூங்கும் நேரம் தவிர முகத்திலேயே இருக்கட்டும். முதல் சில நாள் தரை சாய்ந்து தெரிவதாகச் சொல்லும். இரண்டு வாரம் தாண்டியும் கழற்றிக் கழற்றி எறிந்தால் பிள்ளையைத் திட்டாமல், கண்ணாடியை எடுத்துப்போய் ஆக்சிஸ் சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.