ஏத்தத்துல நிக்குதா, எறக்கத்துல நிக்குதா?

இலங்கை மலையகத்தில், நானுஓயாவுக்கு ஏறும் ரதெல்ல குறுக்கு வீதியில் பாதி ஏற்றம் ஏறியிருப்போம். அப்பாவின் மொரிஸ் மைனர் இரண்டு தரம் இருமியது, மூன்றாம் தரம் நின்றே விட்டது. பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார், மேலேயிருந்து பனிமூட்டம் இறங்குகிறது. தம்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் குதித்து இறங்கி ரோட்டோரத்தில் கல் தேடி பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். பத்து வயதில் அந்தக் காரில் எனக்கு இருந்த வேலை அதுதான். நாற்பத்தைந்து வருசம் கழித்தும் கை தானாகக் கல்லைத் தேடிப் போனது.

அப்போதுதான் பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. பொனட்டைத் திறந்து பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. பெற்றோல் பம்பிலிருந்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குப் போகும் இடத்தில், மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் டியூப். சூட்டுக்கு இளகி, வாய் விரிந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கிளிப்கூட இல்லை, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். இந்த என்ஜினில் காபரேட்டருக்கு நேர் கீழேதான் சூடான புகை வெளியேறும் எக்ஸ்ஹோஸ்ட் மேனிபோல்ட். ஏற்றத்தில் அது எவ்வளவு கொதிக்கும் என்று மலையில் கார் ஓட்டிய எல்லாருக்கும் தெரியும். பின் சீட்டில் என் மனைவியும் தங்கையின் மகளும் இருந்தார்கள்.

அன்று காலையில்தான் காரைக் கராஜிலிருந்து எடுத்திருந்தோம். பேரைச் சொல்லப் போவதில்லை. பெரிய கராஜ், டைல் பதித்த தரை, கம்ப்யூட்டர் பில், வேலை நடக்க நடக்க வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். நான் இருக்கும் லண்டனில் உள்ளதைப் போலவே நம் ஊரிலும் வந்துவிட்டது என்று முதல் நாள் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து ‘காபரேட்டர் சேர்விஸ்’ என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள். கார் எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. அரை இஞ்சி நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டுத் திருகி மூலைகளை உருட்டியிருந்ததைப் பிறகுதான் கண்டேன். பழைய இங்கிலீஷ் காரில் கை வைக்கிறவர் இஞ்சி ஸ்பேனர் செட் ஒன்றாவது வைத்திருக்க வேண்டாமா?

1961ஆம் வருசத்து வண்டி, 948 சிசி. அப்பா டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தபோது வாங்கியது. அவர் போன பிறகு கொட்டகலையில் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், பங்கீட்டுக் கியூஆர் கார்டுக்குக் கிடைத்த வாரம் 20 லீற்றரையும் வீட்டு வானுக்கே ஊற்ற வேண்டியிருந்ததால் இது மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு விலை ஏறி, எத்தனையோ பேர் கேட்டு வந்தும் தம்பி கொடுக்கவில்லை. ஆனால் கொட்டிலை விட்டு வெளியே எடுத்த நாளிலிருந்து அதற்கு ஒரே நோய்: இறக்கத்தில் பறக்கும், ஏற்றத்தில் சாகும்.

ஹோர்ன் அடித்த அதே வான்காரர்தான் இறங்கி வந்து உதவினார். ட்ரைவர் தொழிலில் இருக்கும் மனிதர்கள் இன்னும் அப்படித்தான் இருக்கிறார்கள். பெண்களை வானில் ஏற்றி நுவரெலியாவில் தங்கை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு, “கீழ லிந்துலப் பக்கம் ஒரு பெரியவர் இருக்காரு, அவருகிட்ட காட்டுங்க” என்று வழியும் சொன்னார். டியூப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜினைப் போடாமலே மெதுவாக இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனோம்.

தகரக் கொட்டில், மண் தரை, வாசலில் லேண்ட் மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஒன்று. பெரியவருக்கு எழுபது இருக்கும். தம்பி விபரம் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தி, ஒன்றே ஒன்று கேட்டார்:

“ஏத்தத்துல நிக்குதா, எறக்கத்துல நிக்குதா?”

“ஏத்தத்துலதான் அண்ணே.”

“அப்ப காபரேட்டர்ல கை வச்சிருக்கவே கூடாதே, தம்பி.”

இந்தக் காரில் பெற்றோல் டேங்க் பின்னால், டிக்கிக்கு அடியில். எஸ்யூ கம்பனிப் பெற்றோல் பம்ப் முன்னால், என்ஜினுக்குப் பின்சுவரில். டேங்கிலிருந்து பெற்றோலை யாரும் தள்ளுவதில்லை, பம்ப்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பைப்பில் ஊசித் துளை விழுந்தால் பெற்றோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். சமதரையில் எப்படியோ சமாளிக்கும். ஏற்றத்தில் முன்பக்கம் உயர்ந்து டேங்க் தாழ்ந்துவிடுவதால் கூடுதலாக இழுக்க வேண்டும், என்ஜினும் கூடுதலாகக் குடிக்கும், அங்கேதான் தோற்றுப்போகும். அவர் இதை இப்படி விளக்கவில்லை. ஒரு சோடாப் போத்தலில் பாதிக்குப் பெற்றோல் ஊற்றி, பம்பிலிருந்து பெற்றோல் வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டை மாட்டி, மற்ற நுனியைப் பெற்றோலுக்குள் விட்டு, “சாவியத் திருப்புங்க” என்றார். டிக் டிக் டிக் என்று பம்ப் அடிக்க, போத்தலுக்குள் குமிழ் குமிழாக வந்தது. பிறகு பின்னாலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, பம்ப் ஒரு கேனிலிருந்து நேரே உறிஞ்சும்படி மாற்றினார். குமிழ் நின்றது. பம்ப் சுகம், பைப்தான் நோயாளி. ஐந்து நிமிசம் ஆகியிருக்காது.

காருக்கு அடியில் படுத்து எட்டொன்பது அடிப் பைப்பையும் விரலால் தடவிக்கொண்டே போனார். பின் ஸ்பிரிங் பக்கம், ஒரு கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கி, இரும்பு வெங்காயச் சருகாக உதிர்ந்திருந்தது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

லண்டனில் இருந்தால் அளவாக வளைத்த புதுப் பைப் தபாலில் வந்துவிடும். அங்கே 2021 செப்டெம்பரில் பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் கெட்டுப்போகின்றன என்று நாங்கள் எல்லாரும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம், எனக்கும் அந்த வேலை பழக்கம். ஆனால் சத்தத்தைக் கேட்டு, போத்தலைப் பார்த்து நோய் சொல்கிற ஒருவரை அங்கே இத்தனை வருசத்தில் நான் காணவில்லை.

அவர் ஃபிரிட்ஜ் வேலைக்கு வரும் செப்புக் குழாய்ச் சுருளை எடுத்தார். பழைய பைப்பைச் சாக்கில் கிடத்தி, அதைப் பார்த்துப் பார்த்துப் பெருவிரலால் வளைத்தார். ஓரிடத்திலும் நசுங்கவில்லை. நுனியை வெட்டிய பிறகு உள்ளே ஊதி, டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரால் இன்னொரு தரம் ஊதினார். கிளிப் வரும் ஒவ்வொரு இடத்திலும் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினார், அதிர்வில் செப்பு தேயக்கூடாதென்று. டேங்கைக் கழற்றிக் கழுவியபோது விழுந்த துரு ஒரு சிரட்டை நிறைய இருந்தது. பம்பிலிருந்து காபரேட்டருக்கு மட்டும் செப்புப் போட மறுத்தார். என்ஜின் ஆடும், அந்த இடத்தில் செப்பு வெடித்துவிடும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கி நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்த துணி பின்னிய ரப்பர் ஹோஸைப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கினார். மதியத்துக்கு ரொட்டியும் சம்பலும் அவர் வீட்டிலிருந்தே வந்தது. பொழுது சாயும்போது முடிந்துவிட்டது.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்றார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. லண்டனில் ஒரு மணிநேரக் கூலிக்கே காணாத காசு. கடைசியில் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்: பைப் நுனிக்குப் போடும் ஐந்தின்கீழ் பதினாறு இஞ்சிப் பித்தளை வளையம் இங்கே கிடைப்பது கஷ்டம், வந்தால் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னார். வரும்வரை வைத்திருக்க எனக்கு மனமில்லை. லண்டன் வந்து சேர்ந்த வாரமே ஐம்பது வாங்கித் தம்பி பேருக்குத் தபாலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் விடிய அதே குறுக்கு வீதி. தம்பி சாவியைத் திருப்பினான். அப்பா செய்வது போலவே ஸ்டார்ட்டரைத் தொடாமல் காத்திருந்தோம். டிக், டிக், டிக், டிக். பம்பின் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஸ்டார்ட்டரை இழுத்தான். நானுஓயா வரை நான் இறங்கவே வேண்டியிருக்கவில்லை. எடுத்து வைத்திருந்த கல் காலடியில் கிடந்தது.